நாளொரு படம்: முத்தகமா, தொடர்நிலையா?

நாள்தோறும் ஒரே ஒரு படம் எடுப்பது என்று உறுதி பூண்டு, ஓராண்டோ அதற்கு மேலோ அதனை விடாது செய்து வருவது இன்று உலகெங்கும் பலர் மேற்கொள்ளும் கலை நோன்பாக இருக்கின்றது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கும் இந்நாளில் இந்நோன்பைத் தொடங்கப் பெரும் பொருட்செலவு இல்லை, முன்பயிற்சியும் வேண்டுவதில்லை. ஆகவே தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். முடித்தவரை உலகம் ஒரே கேள்விதான் கேட்கின்றது: ‘ஒரு நாளும் தவறாமல் எடுத்தீரா?’ ஆம் எனின் பாராட்டு. இல்லை எனின் இரக்கம்.

எண்ணிக்கையைக் கொண்டு கலையை அளக்கும் இம்முறை பொருந்துமா? நாளுக்கொரு வெண்பாவாக நூறு வெண்பா பாடி முடித்தார் என்பதனாலேயே ஒருவர் புலவராகிவிடுவதில்லை என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தளை தட்டாமல் பாடுவது வேறு, பாட்டாகப் பாடுவது வேறு. அங்ஙனமாயின் நாளொரு படம் என்னும் இம்முயற்சியை அளக்கும் கோல் யாது? அதனைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் அணிநூலார் செய்யுளை வகுத்த வகையிலேயே அது கிடைக்கின்றது என்பது என் துணிபு. அவ்வகையை மேல்நாட்டார் படைத்த நான்கு படத்தொடர்களின்மேல் வைத்து நோக்கி, பின்னர் நம் தோட்டப்புறத்திற்கு அதனால் ஆகும் பயன் என்ன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘புகைப்படம்’ என்பது வழக்கில் வேரூன்றிவிட்ட சொல். ஆயினும் இக்கலையில் புகை எதுவும் இல்லை. ஒளியால் எழுதுவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆனதே மேனாட்டார் வழங்கும் பெயர். ஆதலின் ‘ஒளிப்படம்’ என்பதே பொருந்தும். சுருக்கம் கருதிப் ‘படம்’ என்றே இங்கு வழங்குகின்றேன்.

அளவுகோல்

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்துகின்றது. தனியே நின்று பொருள் முற்றுவது முத்தகம். பல பாட்டுகள் சேர்ந்து ஒரு வினைகொண்டு முடிவது குளகம். தனித்தனியே முற்றிய பாட்டுகள் பொருள், இடம், காலம், தொழில், பா, அளவு என்னும் இவற்றுள் ஒன்றால் ஒருங்கு தொகுக்கப்படுவது தொகைநிலை. களவழி நாற்பது இடத்தாலும், கார் நாற்பது காலத்தாலும், கலித்தொகை பாவாலும், குறுந்தொகை அளவாலும் தொகுக்கப்பட்டவை என உரைகாரர் காட்டுவர். பொருளாலோ சொல்லாலோ ஒன்றையொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை; காப்பியம் பொருளால் தொடர்வது, அந்தாதி சொல்லால் தொடர்வது.

இவ்வகைப்பாட்டின் அருமை யாதெனின், ஒவ்வொரு வகைக்கும் உரிய இலக்கணத்தைக் கொண்டே அவ்வகையை மதிக்க வேண்டும் என்பதனை அது நமக்கு உணர்த்துவதாகும். காப்பியத்தின் இடையிலுள்ள ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு, ‘இது தனிப்பாடலைப்போல் ஒளிவிடவில்லையே’ என்று குறை கூறுவோர் திறனாய்வாளர் ஆகார். நாளொரு படம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இப்பிழையையே செய்கின்றனர். ஒருவர் தொகுத்த 365 படங்களுள் சிறந்த பத்தைப் பொறுக்கி எடுத்து வியப்பர். அன்றேல் அவற்றுள் முந்நூறு படங்கள் சாதாரணமானவை என்று தள்ளுவர். இரண்டும் முத்தகத்தின் கோலால் தொடர்நிலையை அளப்பதே.

முத்தகம்: ஒரே சொடுக்கு

ஜிம் பிராண்டன்பர்க் என்பார் அமெரிக்க நாட்டு மின்னசோட்டா மாநிலத்து வடகாட்டில் வாழ்ந்து ஓநாய்களைப் படம் எடுத்துப் புகழ்பெற்றவர். இதழ்களுக்காகப் படச்சுருளைக் கணக்கின்றிச் செலவிட்டுப் பழகியவர், 1994ஆம் ஆண்டில் தமக்குத் தாமே ஒரு கட்டளை இட்டுக்கொண்டார். இலையுதிர் காலத்துச் சமவிராநாள் தொடங்கிக் குளிர்காலத்தின் மிகக் குறும்பகல் வரை 90 நாள். நாளொன்றுக்கு ஒரே சொடுக்கு. இரண்டாவது சொடுக்கு இல்லை. அப்படங்களை ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் 1997 நவம்பரில் வெளியிட்டது. பின்னர் அவை நூலாகவும் வந்தன.

இக்கட்டளையின் கடுமை எங்கே இருக்கிறது? 90 என்னும் எண்ணில் இல்லை. ‘ஒரே’ என்னும் சொல்லில் இருக்கின்றது. காலையில் ஒரு நல்ல காட்சி கண்முன் நிற்கின்றது. சொடுக்கிவிட்டால் மாலையில் அதனினும் சிறந்தது வரின் கைகட்டி நிற்க வேண்டும். சொடுக்காமல் விட்டால் மாலையில் ஒன்றுமே வாராது போகலாம். ஆகவே அவர் நாள் முழுதும் விழிப்போடு இருந்தாக வேண்டும். நாலடிக்குள் பொருளை அடக்க வேண்டிய வெண்பாப் புலவன் ஒவ்வொரு சீரையும் எடைபோடுவது போன்றது இது. அவருடைய படங்கள் ஒவ்வொன்றும் தனியே சுவரில் மாட்டத்தக்கவை. முன்பின் படங்களின் துணையை வேண்டாதவை. எனவே இவை தொண்ணூறு முத்தகங்கள் எனலாம்.

குறையும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு படமும் அழகாக இருந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அவற்றுள் தெரிகின்றது. காட்டில் அழகில்லாத நாளும் இருந்திருக்கும்; சோர்வும் சலிப்பும் வந்த நாளும் இருந்திருக்கும். அந்நாள்களின் முகத்தை இத்தொகுதியில் காண்பது அரிது. நாளுக்கு ஒன்று என்று எடுத்தும் ‘நாள்’ அதனுள் முழுமையாக வரவில்லை.

குளகம்: ஒரு வினை கொண்டு முடிந்தது

தைவானில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய தெச்சிங் சியே என்னும் கலைஞர் செய்தது இதற்கு முற்றிலும் மாறானது. 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை ஓராண்டுக் காலம், தொழிற்சாலைகளில் தொழிலாளர் வருகையைக் குறிக்கும் மணிப்பொறியைத் தம் அறையில் வைத்துக்கொண்டு, இரவும் பகலும் மணிக்கு ஒரு முறை அதில் அட்டையைச் செருகிப் பதிவு செய்தார். ஒவ்வொரு முறையும் அதனருகில் நின்ற தம் உருவைத் திரைப்படச் சுருளில் ஒரே ஒரு சட்டமாகப் பதித்தார். தொடங்கிய அன்று தலையை மழித்துக்கொண்டார். சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் ஓராண்டுக் காலம் ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் ஓடிவிடுகின்றது. அவ்வாறு ஓடுங்கால் தலைமயிர் வளர்ந்து தோள்மேல் விழுகின்றது.

இதனுள் எந்த ஒரு சட்டத்தையும் தனியே எடுத்து மாட்ட இயலாது. மாட்டினால் பொருள் இல்லை. எல்லாச் சட்டங்களும் சேர்ந்து ‘கழிந்தது’ என்னும் ஒரு வினைகொண்டு முடிகின்றன. குளகம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். மாணவர்க்குக் குளகத்தை விளக்க இடர்ப்படும் ஆசிரியர் இதனைக் கூறிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. ஓராண்டில் 8,760 மணிகள். அவற்றுள் 133 மணிகளில் அவர் தவறிவிட்டார். பல முறை உறங்கிப்போனார்; சில முறை காலம் தாழ்த்தார்; சில முறை முந்திப் பதிந்தார். இத்தவறுகளை அவர் மறைக்கவில்லை. எத்தனை, எதனால் என்று வகைப்படுத்திக் கணக்காக வெளியிட்டார். இடைவெளி வந்தால் நோன்பு கெட்டது என்று கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். மனிதன் பொறியாக முயன்று, பொறியாக இயலாமற்போன இடம் அந்த 133. அவை இல்லையேல் இது மணிப்பொறியின் கதையாக மட்டுமே நின்றிருக்கும்.

தொகைநிலை: ஒரே சன்னல்

மூன்றாமவர் பிராகா நகரத்து யோசப் சூடெக். முதல் உலகப் போரில் காயமுற்று வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கையாலேயே பெரிய படப்பெட்டிகளைக் கையாண்டவர். நாள்தோறும் ஒன்று என்னும் கணக்கை அவர் வைத்துக்கொள்ளவில்லை. எனினும் நம் பொருளுக்கு அவர் மிகவும் வேண்டியவர். 1940 முதல் 1954 வரை தம் பணிக்கூடத்தின் சன்னலையே மீண்டும் மீண்டும் படம் எடுத்தார். அதன் முற்பகுதி செருமானியர் ஆட்சி பிராகாவை அழுத்திக்கொண்டிருந்த காலம். படப்பெட்டியோடு வெளியில் திரிவது எளிதன்று. வெளியே ஒரு சிறு தோட்டம். அதில் ஒரு கோணல் மரம். கண்ணாடிமேல் பனி, நீராவி, மழைத்துளி. சன்னற்படியில் ஒரு குவளை அல்லது ஒரு பூ. இவ்வளவே பொருள்.

பதினான்கு ஆண்டு ஒரே சன்னலைப் பார்த்தவர்க்குச் சலிக்கவில்லையா? சன்னல் ஒன்றாயினும் ஒளி ஒன்றன்று என்பதே அவர் விடை. நம் அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. நிலத்தை நிறுத்திவைத்துப் பொழுதை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் என்ன நிகழும் என்பதற்குச் சூடெக்கின் படங்கள் சான்று. களவழி நாற்பது போல இஃது இடத்தால் தொகுத்த தொகைநிலை. ஒவ்வொன்றும் தனித்தும் நிற்கும். ஒருங்கு நின்றபோது தனிமையில் இல்லாத ஓர் ஆழமும் பெறும்.

தொடர்நிலை: எண்ணாமல் எழுந்த காப்பியம்

நான்காமவர் நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன். 1979 மார்ச் 31ஆம் நாள், கல்லூரி மாணவராய் இருந்தபோது, போலராய்டு படப்பெட்டியால் நாளுக்கொரு படம் எடுக்கத் தொடங்கினார். அப்பெட்டியின் இயல்பை இளையோர் அறிய வேண்டும். சொடுக்கியவுடன் படம் தாளாகவே வெளியே வந்துவிடும். தனியே படிவச்சுருள் கிடையாது. ஆதலின் நகல் எடுக்கவோ அழித்துத் திருத்தவோ வழியில்லை. எடுத்தது எடுத்ததுதான். பதினெட்டு ஆண்டுக்கு மேல் இதனைச் செய்தார். 1997 அக்டோபர் 25ஆம் நாள், தம் நாற்பத்தொன்றாம் பிறந்தநாளன்று, மூளைக்கட்டி நோயால் இறந்தார். கடைசிப் படமும் அந்நாளுக்கு உரியது. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 2007இல், அவர் படித்த பார்டு கல்லூரியில் நண்பர்கள் அப்படங்களைக் கண்காட்சியாக வைத்தனர். அதன் பின்னரே உலகம் அவரை அறிந்தது.

எஞ்சியுள்ள படங்கள் 6,697. நாள்களைக் கூட்டிப் பார்த்தால் 6,784 வருகின்றது. ஆகவே எண்பதுக்கு மேற்பட்ட நாள்களுக்குப் படம் இல்லை. ‘ஒரு நாளும் தவறாமல்’ என்னும் புகழ்மொழி அவர்க்கே முழுதும் பொருந்தவில்லை. அதனால் அவர் பெருமை ஒரு சிறிதும் குறையவும் இல்லை.

இப்படங்களைத் தனித்தனியே நோக்கினால் பெரும்பாலானவை மிகச் சாதாரணமானவை. சாப்பாட்டு மேசை, நண்பர் கூட்டம், தொலைக்காட்சிப் பெட்டி, தெரு, ஒரு காலி அறை. பிராண்டன்பர்க் இவற்றுள் பலவற்றை எடுத்திருக்கவே மாட்டார். ஆயினும் வரிசையாக நோக்கிச் செல்லுங்கால் நம்மை அறியாமலே நெஞ்சு கனக்கின்றது. ஒரு முகம் அடிக்கடி வருகின்றது, பிறகு வருவதில்லை. வேறொரு முகம் வருகின்றது. இறுதி ஆண்டில் மருத்துவமனை வருகின்றது. இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் திருமணம் வருகின்றது. அடுத்த படம் எது என்று படத்தில் உள்ளவர்க்குத் தெரியாது, நமக்குத் தெரியும். காப்பியத்தில் ஊழைப் படிப்போர் அறிந்திருக்கக் கோவலன் அறியாமல் மதுரைக்கு நடக்கின்றானே, அதே நிலைதான் இது. பாடியவன் தன் காப்பியத்தின் முடிவை அறியான் என்பது ஒன்றே வேறுபாடு.

இந்நான்கையும் ஒப்பிட்டு ஒரு முடிவு கூற வேண்டுமாயின், தனிப்படத்தின் செப்பத்தில் பிராண்டன்பர்க்கும் சூடெக்கும் உயர்ந்தோர். நாள் என்னும் பொருளை அதன் வெறுமையோடும் சேர்த்துக் காட்டியதில் லிவிங்ஸ்டன் உயர்ந்தோர். நாளொரு படம் என்னும் முயற்சியின் தனி இயல்பு முத்தகத்தில் இல்லை, தொடர்நிலையில் இருக்கின்றது என்பதே என் முடிவு. அழகிய படம் ஒன்று எடுக்க நாள்தோறும் எடுக்க வேண்டுவதில்லை; ஆண்டுக்கு ஒரு நாள் மலைக்குச் சென்று எடுத்துக்கொண்டு வரலாம். நாள்தோறும் எடுப்பதால் மட்டுமே கிடைப்பது நாள்களின் வரிசை.

தமிழில் இதன் முன்னோர்

இது மேல்நாட்டார்க்கே உரிய புதுமை என்று எண்ண வேண்டா. தம்மைத் தாமே ஒரு வரம்புக்குள் நிறுத்திக்கொண்டு மீண்டும் மீண்டும் படைப்பது நம் புலவர்க்குப் பழைய வழக்கம். ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து திணை, ஐந்து புலவர், ஆளுக்கு நூறு பாட்டு. நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்தவை. ஒவ்வொரு பாட்டும் மூன்றடி முதல் ஆறடிக்குள் முடிய வேண்டும். மருதம் பாடிய ஓரம்போகியார் களவன் பத்தில் நண்டையே பத்து முறை பாடுகின்றார். எருமைப் பத்தில் எருமையையே பத்து முறை பாடுகின்றார். நெய்தல் பாடிய அம்மூவனாரோ வெள்ளாங்குருகுப் பத்தில் ஒரே தொடக்கத்தைப் பத்துப் பாட்டுக்கும் வைத்துக்கொள்கின்றார். குருகின் குஞ்சைக் காணச் சென்ற நாரை என்னும் ஒரே காட்சி. அதன் பின் பாட்டு செல்லும் வழி மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. சூடெக்கின் சன்னல் அம்மூவனார்க்கு முன்பே தெரியும் என்று கூறினால் மிகையாகாது.

இந்நூலில் நெய்தற் பகுதியின் 129, 130 ஆகிய இரு பாட்டுகள் இன்று கிடைக்கவில்லை. அதனால் ஐங்குறுநூறு என்னும் பெயரை யாரும் மாற்றவில்லை. நூலின் பெருமையும் குன்றவில்லை. விடுபட்ட நாளுக்காக வருந்தி நோன்பையே கைவிடும் நண்பர்கட்கு இதனை நினைவூட்டுகின்றேன்.

நாள்வரிசை என்னும் தன்மைக்கு வேறொரு முன்னோரும் உளர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாசியாய் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் முதல் 1761 சனவரியில் இறக்கும் காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, இன்னார் இன்னாரிடம் இன்னது சொன்னார், மழை பெய்தது என்று கண்டதும் கேட்டதும் அந்தந்த நாளின் கீழ் நிற்கின்றன. அவர் இறந்த நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1846இல் அக்குறிப்புகள் கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசினரால் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டன. பேரரசர்களின் கல்வெட்டுகள் கூறாத பல செய்திகளை அவை கூறுகின்றன. வரலாறு எழுத வேண்டும் என்னும் முறுக்கோடு எழுதியிருந்தால் இவ்வளவு வரலாறு அதற்குள் வந்திராது. அன்றாடம் என்னும் வலையில் சிறு மீன்களும் அகப்படும்.

தடைகளும் விடைகளும்

‘நாள்தோறும் செய்தால் படைப்பு வெறும் பழக்கமாகத் தேய்ந்துவிடும்’ என்பர் சிலர். இக்காலத் தமிழிலேயே இதற்கு விடை உண்டு. செயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்னும் பெயரில் 2014 சனவரி முதல் நாள் தொடங்கி, நாளுக்கோர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, 2020 சூலையில் இருபத்தாறு நாவல்களாக நிறைவு செய்தார். அதன் சொல்லாட்சியைப் பற்றியும் பாத்திரப் படைப்பைப் பற்றியும் கருத்து வேறுபாடு இருக்கலாம். நாள்வரையறை படைப்பாற்றலைக் கொன்றுவிடும் என்று மட்டும் இனிக் கூறுவதற்கில்லை.

இதற்கு நேர்மாறாக, ‘பழகினால் போதும், கலை தானே வரும்’ என்பாரும் உளர். இவர்கள் துணைக்கு அழைப்பது ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல். ஓவியம் கையின் பழக்கத்தால் வருவது என்று அப்பாடல் கூறுவது உண்மையே. ஆனால் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். தமிழ் நாவின் பழக்கம், கல்வி மனத்தின் பழக்கம், ஒழுக்கமும் பழகி வருவது என்று அடுக்கிச் சென்ற அப்பாடல், முடிவில் நட்பையும் இரக்கத்தையும் ஈகையையும் பிறவியோடு வருவன என்று பிரித்து நிறுத்துகின்றது. நாளொரு படம் எடுப்போர் இப்பிரிவினை மறத்தல் கூடாது. ஒளியை அளக்கவும், சட்டத்துள் பொருளை நிறுத்தவும் கை பழகிவிடும். எதிரே நிற்பவர்மேல் இரக்கம் பழக்கத்தால் மட்டும் வந்துவிடாது. அஃது இல்லாதவர் ஆயிரம் நாள் எடுத்தாலும் ஆயிரம் திருட்டே மிஞ்சும்.

தோட்டப்புறத்திற்கு வருவோம்

இதனை நான் ஏட்டளவில் மட்டும் கூறவில்லை. கேரித் தீவில் ஓராண்டுக் காலம் நானும் இந்நோன்பை மேற்கொண்டு பார்த்தேன். என் படங்கள் கலைப்படங்கள் அல்ல. ஆதலின் அவற்றைப் பற்றி விரித்துரைப்பது தகாது. கற்ற பாடத்தை மட்டும் கூறுகின்றேன்.

எங்கள் தீவில் நான்கு பருவம் இல்லை, இலையுதிர்வு இல்லை, பனி இல்லை. எட்டுத் திசையும் செம்பனை; ஆண்டு முழுதும் ஒரே பச்சை. பெரும்பொழுது கைகொடாத நிலம். முதல் நாற்பது நாள் நான் எடுத்தவை எல்லாம் கடலோரத்து எற்பாட்டுக் காட்சிகள். ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாத செவ்வானங்கள். பிறகு சலிப்பு வந்தது. சலிப்பு வந்த பிறகுதான் கண் வேறு இடங்களில் தங்கத் தொடங்கியது. ஓதம் ஏறும் வேளையில் அணைக்கரை மதகு ஒரு நிறம், இறங்கும் வேளையில் வேறொரு நிறம். விடியுமுன் பெரட்டு மேட்டில் எரியும் ஒற்றை விளக்கு. மழைநாளில் வகுப்பறை வாயிலில் கிடக்கும் சேற்றுச் செருப்புகள். எண்ணினால் அன்றைய வருகைக் கணக்கு அதிலேயே வந்துவிடும். சிறுபொழுதுதான் எங்கள் நிலத்தின் முதற்பொருள் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. அகத்திணையியலைப் பல்லாண்டு பாடம் நடத்தியும் விளங்காதது அது. அவ்வாண்டில் 31 நாள் தவறினேன். அதனையும் சொல்லிவிடுவதே முறை.

வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. லயத்துத் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டியை, கேளாமலே படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினேன். அவர் நிமிர்ந்து, “பெரிய வாத்தியாரே, என்னை எதுக்கு இப்பப் படம் புடிக்கிறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆயினும் அக்கேள்வி என்னை வீடு வரை தொடர்ந்து வந்தது. எங்கள் வீடுகளில் சுவரில் மாட்டிய தனிப்படம் என்றால் பெரும்பாலும் அது மாலை சூடிய படம். உயிரோடு இருப்பவரின் அன்றாடம் படத்திற்கு உரியதாகவே கருதப்படவில்லை. மறுநாள் சென்று, ஏன் எடுக்க விரும்பினேன் என்று கூறி இசைவு கேட்டேன். “கொண்டைய முடிஞ்சிக்கிறேன், இருங்க” என்றார். அந்தப் படம் முந்தின நாள் எடுத்திருக்கக்கூடிய படத்தைவிட இயல்பு குறைந்ததுதான். ஆனால் அது அவர் தந்த படம்.

இதில் அடங்கியிருப்பது ஒரு தனி மனிதரின் நாணம் மட்டும் அன்று. ஒரு சமூகத்தின் நினைவு. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத் தமிழர் படம் எடுக்கப்படாமல் இல்லை. பால்மரம் வெட்டும் தமிழர் என்று அஞ்சலட்டைகளில் அச்சிட்டு விற்றனர். பெயர் இன்றி, ஊர் இன்றி, ‘கூலி’ என்னும் குறிப்போடு. அப்படங்களில் எம் பாட்டன் பாட்டியர் கருப்பொருளாய் நின்றனர். உரிப்பொருள் அவர்க்கு வழங்கப்படவில்லை. பிற்காலத்தில் நாமே எடுத்துக்கொண்டவை திருமணப் படம், தீமிதிப் படம், பள்ளிப் பரிசளிப்பு விழாவில் வரிசையாய் நின்ற படம். விழா நாள்கள் எஞ்சின. மற்ற நாள்கள் போயின. பெரட்டு, ஆயாக் கொட்டகை, வரிசையில் நின்று நீர் பிடித்த குழாயடி, லயத்துக் கோழிக்கூடு ஆகியவற்றின் படம் எத்தனை வீடுகளில் உண்டு?

இன்று செம்பனைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பகுதியினர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நம் குடும்பங்கள் பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்கும் பெயர்ந்துவிட்டன. நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பினும், தோட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை குறைந்துகொண்டே வருகின்றது. இந்நிலையில் நாளொரு படம் என்பது பொழுதுபோக்காகத் தோன்றலாம். நாற்பது ஆண்டுக்குப் பின் ஒருவர் ‘தோட்டத்தில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது?’ என்று கேட்டால், விடை கூற நம்மிடம் இருக்கப்போவது இத்தகைய படங்களே.

ஆசிரியர்கட்கு ஒரு வேண்டுகோள்

முடிவாகச் சில கூறலாம். இந்நோன்பை மேற்கொள்வோர் முதலில் தம் வரம்பைத் தாமே தெளிவாக வகுத்துக்கொள்ளல் வேண்டும். இடமா, பொழுதா, அளவா என்று துணிந்த பின் தொடங்குக. எடுத்தவற்றுள் அழகில்லாதவற்றை அழித்துவிடாது நாளிட்டு வைத்தல் வேண்டும். எது பயன்படும் என்பதை எடுத்தவர் அறியார். தவறிய நாளைத் தவறிய நாள் என்றே குறித்தல் வேண்டும். முந்தைய நாள் எடுத்ததை மறுநாள் கணக்கில் ஏற்றுவது கலையும் அன்று, கணக்கும் அன்று. மக்களைப் படம் எடுக்குமுன் அவர் இசைவு பெறுதல் வேண்டும்.

பள்ளிக்குள் மாணவர்க்குக் கைப்பேசி இல்லை, இருக்கவும் வேண்டா. அவர்களை நாளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் செய்யலாம்: ‘இன்று நான் கண்டது.’ உவமை வேண்டா, பழமொழி வேண்டா. இடமும் பொழுதும் கண்டதும் இருந்தால் போதும். என் மாணவர் எழுதியவற்றுள் பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆண்டு முடிவில் ஒரு சிறுமியின் ஏட்டைப் புரட்டியபோது, மார்ச்சு மாதத்தில் ‘அப்பா இன்றும் பைகளைக் கட்டினார்’ என்று ஓர் இடத்திலும், மே மாதத்தில் ‘எங்கள் வீட்டு முன் லாரி நின்றது’ என்று ஓர் இடத்திலும் இருந்தன. சூன் முதல் ஏடு வெறுமை. அக்குடும்பம் தோட்டத்தை விட்டுப் போனதை நான் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடாக அறிந்திருந்தேன். அதனைத் தொடர்நிலையாக அறிந்தது அந்த ஏட்டில்தான்.